புல்வெட்டி என்ஜின் சீரற்று ஓடுதல்

புல்வெட்டி என்ஜின் சீரற்று ஓடுதல் என்பது, புல்தரையை மட்டமாக வெட்டப் பயன்படும் பெட்ரோல் இயந்திரம் ஒரே வேகத்தில் நில்லாமல் ஏறி இறங்குவது, இடையிடையே விக்குவது, புகை கக்குவது, மிகையாக அதிர்வது, சிறிது நேரம் ஓடி நின்றுபோவது ஆகிய கோளாறுகளைப் பொதுவாகக் குறிக்கும். இவற்றுள் பெரும்பாலானவை பழைய பெட்ரோல், அழுக்கடைந்த கார்புரேட்டர், தேய்ந்த ஸ்பார்க் பிளக், அடைத்த ஏர் பில்டர் ஆகிய நான்கில் ஒன்றால் வருபவை. வீட்டிலேயே சரிசெய்யக் கூடியவை. ஆனால் எது காரணம் என்று பாராமல் ஒவ்வொன்றாக உதிரிபாகங்களை வாங்கி மாற்றுவோர் பலர். அதனால் பணம் விரயமாவதோடு, நல்ல இயந்திரம் குப்பைக்கும் போய்விடுகிறது.

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரௌட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் 1830ஆம் ஆண்டு முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அது கையால் தள்ளுவது. பெட்ரோல் என்ஜின் பொருத்திய புல்வெட்டியை இப்ஸ்விச் நகரின் ரான்சம்ஸ் நிறுவனம் 1902இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் முற்றம் உள்ள வீடுகளில் இது சாதாரணப் பொருள். தமிழ்நாட்டில் விளையாட்டு மைதானங்கள், கல்லூரி வளாகங்கள், பூங்காக்கள், விடுதிகள் ஆகியவற்றில்தான் பெரும்பாலும் காணலாம். எனினும் இதே வகைச் சிறு என்ஜின்கள்தாம் களை எடுக்கும் பவர் வீடரையும் சிறிய தண்ணீர்ப் பம்பையும் வீட்டு ஜெனரேட்டரையும் ஓட்டுகின்றன. ஆகவே கீழே சொல்லப்படுவதில் வெட்டுக்கத்தி பற்றிய பகுதிகள் நீங்கலாக மற்றவை அவற்றுக்கும் பொருந்தும்.

என்ஜினின் அமைப்பு

தள்ளிச் செல்லும் புல்வெட்டிகளில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர் கொண்ட, காற்றால் குளிரும் நான்கு வீச்சு என்ஜின் இருக்கும். கொள்ளளவு ஏறத்தாழ 140 முதல் 190 சி.சி. வரை. கிராங்க் ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கும். அதன் கீழ் முனையில் கத்தியும், மேல் முனையில் ஃபிளைவீலும் பொருத்தப்பட்டிருக்கும். ஃபிளைவீலின் விளிம்பில் ஒரு காந்தம் உண்டு. அது ஒவ்வொரு சுற்றிலும் இக்னிஷன் காயிலைக் கடக்கும்போது காயிலில் மின்சாரம் தூண்டப்பட்டு ஸ்பார்க் பிளக்கில் பொறி பறக்கிறது. பேட்டரி இல்லாமல் கயிற்றை இழுத்தே இதைக் கிளப்ப முடிவது இதனால்தான்.

இந்த என்ஜின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,000 முதல் 3,600 சுற்று வரை சுற்றும். நான்கு வீச்சு என்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரிதல் நிகழ்கிறது. 3,600 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1,800 முறை, அதாவது நொடிக்கு 30 முறை. நான்கு சிலிண்டர் காரில் ஒரு சிலிண்டர் ஒருமுறை தவறினாலும் மற்ற மூன்றும் தாங்கிக்கொள்ளும். இங்கே தாங்க ஆளில்லை. ஒரு எரிதல் தவறினால் அது உடனே காதுக்குக் கேட்கும், கைப்பிடியில் தெரியும். சிறு கோளாறும் பெரிதாக ஒலிக்கும் என்பதை நினைவில் கொண்டால் வீண் அச்சம் குறையும்.

கைவைக்கும் முன்

இந்த இயந்திரத்தில் கத்தியும் என்ஜினும் நேரடியாக ஒரே தண்டில் இணைந்தவை. கத்தியைக் கையால் திருப்பினால் பிஸ்டனும் நகரும், ஃபிளைவீலும் சுழலும். சிலிண்டருக்குள் சிறிது பெட்ரோல் ஆவி எஞ்சியிருந்து ஒரு பொறி பறந்துவிட்டால் கத்தி தானாகச் சுழலும். அடியில் சிக்கிய புல்லை எடுக்கக் கைவிட்டவர்கள் விரல் இழந்தது இப்படித்தான். எனவே எந்த வேலைக்கும் முன் ஸ்பார்க் பிளக்கின் மேலுள்ள ரப்பர் தொப்பியை வயரோடு கழற்றி, பிளக்கைத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தது போதும் என்று நினைப்பது தவறு.

அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பாதுகாப்பு விதியின்படி, கைப்பிடியிலுள்ள நெம்புகோலை விட்ட 3 நொடிகளுக்குள் கத்தி நின்றுவிட வேண்டும். அந்த நெம்புகோலைக் கயிற்றால் கட்டிவைத்துவிட்டு என்ஜினைச் சோதிப்பது பட்டறைகளில்கூடக் காணப்படும் பழக்கம். அது கைவிடப்பட வேண்டிய பழக்கம்.

என்ஜின் ஆறிய பிறகே பெட்ரோல் டாங்கைத் திறக்க வேண்டும். மூடிய கொட்டகைக்குள்ளோ கார் நிறுத்துமிடத்திலோ ஓட்டிப் பார்க்கக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை.

முதற்கேள்வி

நல்ல மருத்துவர் மருந்தெழுதும் முன் நோய் எப்போது தொடங்கியது என்று கேட்பார். இங்கும் அதுவே முறை. கோளாறு தோன்றுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் பாதி வழி தெரிந்துவிடும். மாதக்கணக்கில் ஓட்டாமல் வைத்திருந்து எடுத்ததா? அப்படியானால் பெட்ரோலும் கார்புரேட்டரும். புதிதாகப் பெட்ரோல் ஊற்றிய அன்றே தொடங்கியதா? அந்தப் பெட்ரோலில் தண்ணீர் இருக்கலாம். கல்லிலோ மரவேரிலோ கத்தி மோதியதா? ஃபிளைவீல் கீ அல்லது கத்தி. அடியைக் கழுவுவதற்காகப் பக்கவாட்டில் சாய்த்ததா? எண்ணெய் இடம் மாறிப் போயிருக்கும். சிறிது சிறிதாகப் பல வாரங்களில் மோசமானதா? ஏர் பில்டர், பிளக், வால்வு.

இன்னொரு கட்டுப்பாடும் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, உடனே ஓட்டிப் பார்க்க வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றினால் என்ஜின் சரியாகிவிடலாம். ஆனால் எது காரணம் என்பது தெரியாமலே போகும். அறிவியல் சோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்று என்று வகுப்பில் சொல்லப்படுவது இதற்காகவே.

ஏறி இறங்கும் ஓட்டம்

வேகம் ‘உர்ர்... உர்ர்...’ என்று ஒரே தாளத்தில் ஏறுவதும் தணிவதுமாக இருப்பது மிகப் பரவலான புகார். இதைப் பார்த்தவர்கள் கவர்னர் கெட்டுவிட்டது என்று அதன் ஸ்பிரிங்கை இழுத்து வளைக்கத் தொடங்குவார்கள். உண்மையில் பெரும்பாலும் கவர்னர் தன் வேலையைச் சரியாகவே செய்துகொண்டிருக்கும்.

கவர்னர் என்பது என்ஜினை ஒரே வேகத்தில் வைத்திருக்கும் அமைப்பு. ஒரு ஸ்பிரிங் த்ராட்டிலைத் திறக்கப் பார்க்கும். வேகம் கூடும்போது சுழலும் எடைகளோ, ஃபிளைவீலிலிருந்து வீசும் காற்றுத் தள்ளும் தகடோ அதை மூடப் பார்க்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் வேகம் நிலைக்கும். புல் அடர்ந்த இடத்தில் என்ஜின் திணறும்போது த்ராட்டில் தானாகத் திறப்பது இதனால்தான்.

புல் வெட்டாமல் சும்மா ஓடும்போது த்ராட்டில் மிகக் குறைவாகவே திறந்திருக்கும். அப்போது பெட்ரோல் முக்கியமாகப் பைலட் ஜெட் என்ற சிறு துளை வழியாக வருகிறது. அந்தத் துளையில் பிசின் படிந்து பாதி அடைத்திருந்தால் பெட்ரோல் போதாது, வேகம் குறையும். கவர்னர் உடனே த்ராட்டிலைத் திறக்கும். இப்போது மெயின் ஜெட்டும் சேர்ந்து பெட்ரோல் தரும், வேகம் எகிறும். எகிறியதும் கவர்னர் மூடும். மூடியதும் மறுபடி பெட்ரோல் பஞ்சம். இந்தச் சுழற்சியே அந்தத் தாளம். கவர்னர் நோயாளியல்ல; நோயைக் காட்டிக்கொடுப்பது அது.

இதை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. என்ஜின் ஏறி இறங்கி ஓடும்போது சோக்கை மெல்லப் பாதியளவு மூட வேண்டும். ஓட்டம் சீரானால் கலவையில் பெட்ரோல் குறைவு அல்லது காற்று மிகுதி என்று பொருள். மாறாகக் கரும்புகை வந்து என்ஜின் மூச்சுத் திணறினால் பெட்ரோல் ஏற்கெனவே மிகுதி. சோக் இல்லாமல் ரப்பர்க் குமிழை அழுத்திக் கிளப்பும் வகையானால், வேகம் தணியும் நேரத்தில் குமிழை ஒருமுறை அழுத்திப் பார்க்கலாம். என்ஜின் சமாளித்து எழுந்தால் பெட்ரோல் பற்றாக்குறையே காரணம்.

காற்று மிகுதிக்கு இன்னொரு வழியும் உள்ளது. கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள கேஸ்கெட் கிழிந்தாலோ, அதைப் பிடிக்கும் போல்ட்டுகள் அதிர்வால் தளர்ந்தாலோ அந்த இடுக்கு வழியாக அளவில்லாக் காற்று உள்ளே போகும். போல்ட்டுகளை இறுக்குவதற்கு ஒரு நிமிடம் போதும். கார்புரேட்டரைக் கழற்றும் முன்பே அதைச் செய்து பார்ப்பது நல்லது.

கவர்னர் ஸ்பிரிங்கை வளைத்து வேகத்தைக் கூட்டுவது ஆபத்தானது. கத்தியின் நுனி வேகம் நிமிடத்துக்கு 19,000 அடிக்கு, அதாவது நொடிக்கு ஏறத்தாழ 96 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்கத் தர விதி. அந்த வேகத்தில் கத்தி எற்றிவிடும் கூழாங்கல் தோட்டா போலப் பாயும்.

பெட்ரோல்

டாங்கில் தங்கிய பெட்ரோல் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குள்ளேயே தரம் இறங்கத் தொடங்கும். எளிதில் ஆவியாகும் பகுதிகள் முதலில் போய்விடுகின்றன. எஞ்சியது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து வெல்லப்பாகு காய்ந்தாற்போன்ற பழுப்புப் பிசினாகப் படியும். கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருப்பது சில தேக்கரண்டிப் பெட்ரோல்தான் என்பதால் டாங்கிற்கு முன்பே அங்கே காய்ந்துவிடும். பழைய பெட்ரோலை மணத்தாலேயே அறியலாம். புதியதின் கூர்மையான நெடி போய், வார்னிஷ் போன்ற புளித்த வாடை வரும்.

எத்தனால் கலப்பு இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். 10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஒரு லிட்டர், சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டித் தண்ணீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும். அதற்கு மேல் போனாலோ, குளிர் கூடினாலோ தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். டாங்கிலிருந்து பெட்ரோல் வெளியேறும் வழி அடியில்தான் இருக்கிறது. ஆக முதலில் கார்புரேட்டருக்குப் போவது எரியாத அந்த அடித்தட்டே. சந்தேகம் இருந்தால் ஒளிபுகும் கண்ணாடிச் சீசாவில் சிறிது பெட்ரோல் பிடித்து அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டாங்க் முழுவதையும் வடித்துவிட வேண்டும். மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிச் சமாளிப்பது பலன் தராது.

கலவையின் அளவும் மாறுகிறது. தூய பெட்ரோல் முழுமையாக எரிய எடை அளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். எத்தனால் கூடக் கூட அதே ஜெட் வழியாக வருவது என்ஜினுக்குக் குறைவான உணவாகிறது. நவீனக் காரில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கண்டு ஈடுசெய்யும். புல்வெட்டியின் ஜெட் துளை மாறாதது. அதற்கு ஈடுசெய்யத் தெரியாது. சிறு என்ஜின்களில் பலவற்றுக்கு 10 விழுக்காடு எத்தனால்தான் மேல் எல்லை என்று தயாரிப்பாளர்கள் குறித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 15 விழுக்காடு கலந்த பெட்ரோலைப் புல்வெட்டிகளில் ஊற்ற அனுமதியில்லை. இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் எத்தனாலின் பங்கு 2025இல் 20 விழுக்காட்டை எட்டியது. ஆகவே பழைய சிறு என்ஜின் வைத்திருப்போர் அதன் கையேட்டைப் பார்த்துக்கொள்வது அவசியம். ரப்பர்க் குழாய்கள் ஊறி மென்மையாவதையும், கேஸ்கெட்டுகள் உப்புவதையும் கவனிக்க வேண்டும்.

கார்புரேட்டரைத் துப்புரவாக்கல்

கார்புரேட்டரைக் கண்டு அஞ்சுவோர் உண்டு. புல்வெட்டியின் கார்புரேட்டர் உள்ளவற்றுள் மிக எளியது. குறுகிய குழாயில் காற்று விரைந்து செல்லும்போது அழுத்தம் குறைகிறது. அந்த அழுத்தக் குறைவு கீழேயுள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோலை உறிஞ்சி மேலே இழுக்கிறது. பள்ளியில் படிக்கும் பெர்னூலி தத்துவம் இதுதான். கிண்ணத்தில் மட்டத்தைக் காப்பது ஒரு மிதவை. அது எழும்போது ஓர் ஊசி பெட்ரோல் வரும் வழியை மூடும்.

முழுதாகக் கழற்றும் முன் கிண்ணத்தை மட்டும் இறக்கிப் பார்க்கலாம். பெட்ரோல் குழாயைக் கிடுக்கியால் அடைத்துவிட்டு, அடியில் ஒரு தட்டு வைத்து, கிண்ணத்தைப் பிடிக்கும் போல்ட்டைத் திருக வேண்டும். சில கார்புரேட்டர்களில் அந்தப் போல்ட்டே மெயின் ஜெட்டாகவும் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு சிறு துளை தெரியும். அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் வட்டமாக ஒளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு அங்கேதான். கிண்ணத்தின் அடியில் துருத்தூளோ, வெண்பொடியோ, தண்ணீர் முத்துக்களோ இருந்தால் மூலகாரணமும் தெரிந்துவிட்டது.

துளையை ஊசியாலோ எஃகுக் கம்பியாலோ குத்தக் கூடாது. ஜெட் பித்தளையால் ஆனது. ஒரு கீறல் விழுந்தாலும் துளை பெரிதாகி, பெட்ரோல் பஞ்சம் நீங்கிப் பெட்ரோல் வெள்ளம் வந்துவிடும். மின்வயரிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையும், கார்புரேட்டர் கிளீனர் தெளிப்பானும் போதும். தெளிக்கும்போது கண்ணாடி அணிய வேண்டும். ஒரு துளையில் அடித்தது எதிர்பாராத மறு துளை வழியாக நேராக முகத்துக்கு வரும். ஹோண்டா ஜி.சி.வி. 160 போன்ற என்ஜின்களில் பைலட் ஜெட் என்பது கறுப்புப் பிளாஸ்டிக்கால் ஆன சிறு துண்டு. ஐடில் திருகைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். மெயின் ஜெட்டைப் பளபளப்பாக்கி, இதை விட்டுவிட்டு, வேகம் இன்னும் ஏறி இறங்குகிறதே என்று வியப்பவர்கள் பலர்.

கழற்றும் முன் இணைப்புக் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் எந்தத் துளையில் மாட்டியுள்ளன என்று கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்து இரண்டு துளைகள் இருக்கும். தவறானதில் மாட்டினால் வேகமே மாறிவிடும். கேஸ்கெட் வரிசையும் அப்படியே. பழையதைக் கழுவுவதைவிட மலிவான நகல் கார்புரேட்டர் வாங்கி மாட்டுவதே எளிது என்ற கருத்து இப்போது பரவியிருக்கிறது. உடல் அரித்துப்போனதற்கு அது சரி. வெறும் அடைப்புக்கு அதைச் செய்வது வீண். நகல்களின் ஜெட் அளவு எப்போதும் மூலத்தோடு ஒத்திருப்பதில்லை.

ஸ்பார்க் பிளக்

கழற்றிய பிளக்கின் முனை, உள்ளே நடப்பதைச் சொல்லும். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறமானால் எரிதல் நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. சோக் முழுதும் திறக்கவில்லையா, ஏர் பில்டர் அடைத்துள்ளதா என்று பார்க்க வேண்டும். பெட்ரோலால் நனைந்திருந்தால் பொறி இல்லை அல்லது பெட்ரோல் வழிகிறது. எண்ணெய்ப் பசை இருந்தால் எண்ணெய் சிலிண்டருக்குள் ஏறுகிறது. வெளுத்து, கொப்புளம் கண்டிருந்தால் பெட்ரோல் குறைந்து என்ஜின் மிகச் சூடாகிறது. அப்படியே ஓட்டினால் பிஸ்டன் கெடும்.

இரு முனைகளுக்கும் இடையேயான இடைவெளி பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின்கள் பலவற்றில் 0.76 மி.மீ., ஹோண்டா ஜி.சி.வி. வகையில் 0.7 முதல் 0.8 மி.மீ. வரை. பிளக் விலை குறைந்த பொருள். முனை உருண்டு தேய்ந்திருந்தால் தேய்த்துத் துடைப்பதைவிடப் புதிதாக மாற்றுவதே மேல். பொறி வருகிறதா என்பதைத் திறந்த பிளக் துளைக்கு அருகில் வைத்துப் பார்க்கக் கூடாது. துளை வழியாக வெளிவரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும். கடைகளில் கிடைக்கும் சிறு சோதனைக் கருவியைப் பயன்படுத்தலாம்.

காற்றும் எண்ணெயும்

ஏர் பில்டர் காகிதத்தாலானால் தட்டித் தூசியை உதிர்க்கலாம். அதிகம் அழுக்கானால் மாற்ற வேண்டும். பெட்ரோலில் கழுவுவதும் எண்ணெய் பூசுவதும் காகிதத்தைக் கெடுக்கும். ஸ்பான்ஜ் வகையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு உலர்த்தி, சில சொட்டு என்ஜின் எண்ணெய் விட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும்.

வெண்ணீலப் புகையோடு என்ஜின் விக்கினால், முதலில் எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். இந்த என்ஜின்கள் கொள்வது ஏறத்தாழ அரை லிட்டருக்குச் சற்று மேல்தான். ஒரு லிட்டர் புட்டியை அப்படியே கவிழ்ப்பவர்கள் இருக்கிறார்கள். அளவு சரியாக இருந்தால், சாய்த்ததுதான் காரணமாக இருக்கும். இயந்திரத்தைச் சாய்க்கும்போது ஏர் பில்டரும் கார்புரேட்டரும் இருக்கும் பக்கம் மேலே இருக்க வேண்டும். மறுபுறமாகச் சாய்த்தால் எண்ணெய் ஏர் பில்டரையும் சிலிண்டரையும் நனைத்துவிடும். அப்படி நேர்ந்தால் பில்டரை மாற்றி, பிளக்கைத் துடைத்து, சில நிமிடம் ஓட்டினால் புகை அடங்கும். அடங்காவிட்டால் பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்கலாம்.

கல்லில் மோதிய பிறகு

நன்றாக ஓடிய இயந்திரம் கல்லிலோ வேரிலோ மோதி நின்று, பிறகு கிளம்ப மறுத்தாலோ, கயிற்றைக் கையிலிருந்து வெடுக்கென்று திருப்பி இழுத்தாலோ, விக்கி விக்கி வெடித்து ஓடினாலோ, கார்புரேட்டரைத் தொட வேண்டியதில்லை. கத்தி ஒரு நொடியில் நிற்கிறது. கத்தியோடு தண்டும் நிற்கிறது. ஆனால் மேலேயுள்ள கனமான ஃபிளைவீல் நிலைமத்தால் மேலும் சுழலப் பார்க்கிறது. தண்டுக்கும் ஃபிளைவீலுக்கும் இடையில் கீ எனப்படும் சிறிய மென்உலோகத் துண்டு உள்ளது. அது வெட்டுப்படுகிறது.

வெட்டுப்பட்டால் ஏன் ஓட்டம் கெடுகிறது? பொறி எப்போது பறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஃபிளைவீலிலுள்ள காந்தம். தண்டின் விட்டம் 20 மி.மீ. என்று கொண்டால் சுற்றளவு ஏறத்தாழ 63 மி.மீ. கீ ஒரு மில்லிமீட்டர் நழுவினாலே ஃபிளைவீல் ஏறத்தாழ 6 பாகை முன்னே போய்விடும். பிஸ்டன் மேலேறி முடிக்கும் முன்பே பொறி பறந்து அதைக் கீழே தள்ளும். கயிறு திருப்பி இழுப்பது இதனால்தான்.

ஃபிளைவீலைக் கழற்ற அதற்குரிய இழுப்பான் கருவி வேண்டும். தண்டின் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை கெடும். கீ முழுதும் துண்டாகியிருக்க வேண்டியதில்லை. விளிம்பில் சிறு படி தெரிந்தாலே மாற்ற வேண்டும். இது மீண்டும் உடையக் கூடாது என்று எஃகுக் கீ செய்து போடுவது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். ஆனால் ஃபிளைவீலை உண்மையில் பிடித்திருப்பது கூம்பு வடிவத் தண்டின் இறுக்கமும் நட்டும்தான். கீ இடத்தைக் காட்டுவதற்கும், மோதலில் தான் உடைந்து மற்றவற்றைக் காப்பதற்கும் வைக்கப்பட்டது. அதை எஃகாக்கினால் அடுத்த மோதலில் உடைவது தண்டாகவோ ஃபிளைவீலாகவோ இருக்கும்.

ஃபிளைவீலைத் திரும்ப மாட்டியபின் காயிலுக்கும் காந்தத்துக்கும் நடுவில் இடைவெளி விட வேண்டும். அது பல என்ஜின்களில் 0.25 முதல் 0.35 மி.மீ. வரை. ஒரு விசிட்டிங் கார்டை இடையில் வைத்து இறுக்கிவிட்டு உருவிவிடுவது பட்டறை வழக்கம்.

கல்லில் மோதியபின் வரும் அதிர்வு வேறு வகை. எரிதல் சீராகவே இருக்கும். கைப்பிடி மட்டும் நடுங்கும். கத்தியைக் கழற்றி, நடுத்துளையில் சுவரிலுள்ள ஆணியில் மாட்டிப் பார்க்கலாம். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கம் சிறிது தீட்டிச் சமப்படுத்த வேண்டும். வளைந்த கத்தியை அடித்து நிமிர்த்தக் கூடாது. கத்தி சரியாக இருந்தும் அதிர்ந்தால் தண்டே வளைந்திருக்கலாம். வளைந்த தண்டுள்ள இயந்திரத்தை ஓட்டவே கூடாது. கத்தியின் போல்ட் தளர்ந்திருப்பதும் இதே அறிகுறியைக் காட்டும். பல புல்வெட்டிகளில் ஃபிளைவீல் இலேசானது. கத்தியின் எடையும் சேர்ந்தே சுழற்சியைக் காக்கிறது. ஆகவே கத்தி தளர்ந்தால் கிளப்புவதே கடினமாகும்.

சூடேறியபின் நிற்பது

குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, 15 அல்லது 20 நிமிடத்தில் நின்று, ஆறியபின் மறுபடி ஓடினால் இரண்டைப் பார்க்க வேண்டும். டாங்க் மூடியில் காற்று நுழையச் சிறு துளை உண்டு. அது அடைத்தால் டாங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் இறங்காது. நின்ற உடனே மூடியைத் தளர்த்தினால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகும் ஓசை கேட்டு, என்ஜினும் கிளம்பினால் காரணம் அதுவே. என்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தளர்த்துவது மட்டும்தான், பெட்ரோல் ஊற்றக் கூடாது. மூடியால் மாற்றம் இல்லையென்றால், நின்ற அந்தக் கணமே பொறியைச் சோதிக்க வேண்டும். சூட்டில் காயிலின் உட்சுருள் அறுந்து, குளிர்ந்ததும் ஒட்டிக்கொள்வது உண்டு. ஆறவிட்டுச் சோதித்தால் பொறி நன்றாகவே வரும், ஏமாந்துபோவோம்.

எல்லாம் சரியாக இருந்தும் வலுவில்லாமல் ஓடினால் வால்வு இடைவெளியும் சிலிண்டர் தலையின் கேஸ்கெட்டும் மீதம். ஹோண்டா ஜி.சி.வி. 160இல் உள்வால்வுக்கு 0.15 மி.மீ., வெளிவால்வுக்கு 0.20 மி.மீ. இடைவெளி. சாதாரண அழுத்தமானி இங்கே தவறான விடை தரலாம். எளிதாகக் கிளம்புவதற்காக, கயிறு இழுக்கும்போது வால்வைச் சிறிது திறந்து அழுத்தத்தைத் தணிக்கும் அமைப்பு இவற்றில் உண்டு. ஆகவே அளவு குறைவாகக் காட்டியதைக் கொண்டு என்ஜின் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. இந்தக் கட்டத்தில் பட்டறைக்குக் கொண்டுபோவதே சரி.

நீண்ட நாள் வைக்கும்போது

கனடாவில் தமிழர் பெருகி வாழும் டொராண்டோ பகுதியில் இலையுதிர் காலத்தின் கடைசியில் கொட்டகைக்குள் போகும் புல்வெட்டி, பனி உருகி வசந்தம் வந்த பிறகுதான் வெளியே வரும். கார்புரேட்டர் அடைபடுவதற்கு அந்த இடைவெளி தாராளம். வைக்கும் முன் டாங்கை வடித்து, எஞ்சியதை ஓட்டித் தீர்த்து, கிண்ணத்தின் வடிகால் திருகையும் திறந்துவிட வேண்டும். அல்லது புதிய பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர் வரை போகும்படி 10 நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்த வேண்டும். டாங்கில் கலந்துவிட்டு ஓட்டாமல் வைத்தால் கிண்ணத்தில் பழைய பெட்ரோலே இருக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கயிற்றை மெல்ல இருமுறை இழுத்தால் சிலிண்டர் சுவரில் துரு ஏறாது. வடித்த பெட்ரோலை மண்ணிலோ சாக்கடையிலோ கொட்டாமல், நகராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.